ஆய்வக எலிகளின் நலப் பராமரிப்பு: அறிவியல் தேவையும் அறக்கடப்பாடும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவம், உயிரியல், உளவியல் ஆகிய துறைகளின் ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் பாலூட்டிகள் எலியும் சுண்டெலியும் ஆகும். அவற்றை நன்கு பேண வேண்டும் என்ற கருத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று இரக்கம், மற்றொன்று, ஆய்வு முடிவு பிழைபடக் கூடாது என்னும் தேவை. இவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு நெருங்கி வந்தன, எவ்விடத்தில் இன்றும் பிரிந்து நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வக எலி, சுண்டெலி, விலங்கு நலம், விஸ்டார் நிறுவனம், வளச்சூழல், விலங்கு வதைத் தடுப்புச் சட்டம்.

முன்னுரை

ஆய்வு அறிக்கைகளில் எலியின் இனவழி, வயது, பால், எடை ஆகியவை தவறாமல் குறிக்கப்படுகின்றன. அது எத்தகைய கூண்டில் வாழ்ந்தது, எவ்வாறு தூக்கப்பட்டது, குளிரில் நடுங்கியதா என்பன நெடுங்காலம் குறிக்கப்படவில்லை. அவை ஆய்வுக்குப் புறம்பானவை எனக் கருதப்பட்டமையே காரணம். அக்கருத்து படிப்படியாகத் தளர்ந்த வரலாறே ஆய்வக எலிப் பராமரிப்பின் வரலாறு எனலாம்.

வளர்ப்பகத்திலிருந்து ஆய்வகத்திற்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்னும் ஊரில் வாழ்ந்த அபி லாத்ராப், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் செல்லப்பிராணிகளாக விற்பதற்கு வளர்த்த சுண்டெலிகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழக மரபியலாளர்களுக்கும் பிற ஆய்வாளர்களுக்கும் சென்று சேர்ந்தன. விற்பனைக்காக வளர்க்கப்பட்ட உயிர்கள் இவ்வாறு அறிவியலின் அடிப்படைப் பொருள்களாயின.

பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்திற்கு 1906-இல் ஹென்றி டொனால்ட்சன் வந்தபின், வெள்ளெலியைச் சீரான ஆய்வு விலங்காக உருவாக்கும் பணி அங்குத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஹெலன் டீன் கிங், உடன்பிறந்த எலிகளைத் தலைமுறைதோறும் இணைசேர்த்து ஆராய்ந்தார். தொடக்கத் தலைமுறைகளில் வளர்ச்சிக் குறைவும் மலட்டுத்தன்மையும் காணப்பட்டன. இவற்றை நெருங்கிய உறவுக் கலப்பின் விளைவு எனக் கொள்வது எளிது. ஆனால் அவ்வாறு கலக்கப்படாத எலிகளிலும் அதே குறைகள் இருந்தன. உணவு திருத்தப்பட்டதும் குறைகள் நீங்கின. 25 தலைமுறைகளைத் தழுவிய தம் முடிவுகளை அவர் 1918 முதல் வெளியிட்டார். உணவுக் குறை மரபுக் குறையாகத் தோற்றமளிக்கக்கூடும் என்ற இப்பாடம், பராமரிப்பும் ஆய்வு முறையின் ஒரு பகுதியே என்பதைத் தெளிவாகக் காட்டியது. அதே நிறுவனத்தைச் சார்ந்த மில்டன் கிரீன்மேனும் லூயிஸ் டூரிங்கும் வெள்ளெலி வளர்ப்புக்கென 1923-இல் ஒரு கையேட்டை வெளியிட்டதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது.

கூண்டின் வெறுமை

உணவும் தூய்மையும் சீர்செய்யப்பட்டபின் எஞ்சிய வினா எலியின் நடத்தை பற்றியது. கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் சில எலிகளைத் தம் வீட்டில் வளர்த்தார். ஆய்வகக் கூண்டில் வளர்ந்தவற்றைவிட அவை சிக்கல் தீர்க்கும் சோதனைகளில் மேம்பட்டிருந்ததை 1947-இல் அறிவித்தார். 1960-களில் பெர்க்லியில் மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் முதலியோர் இதனை மேலும் ஆராய்ந்தனர். துணை எலிகளும் மாற்றி மாற்றி வைக்கப்பட்ட விளையாட்டுப் பொருள்களும் கொண்ட கூண்டில் வளர்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி, வெறுங்கூண்டில் தனித்து வளர்ந்தவற்றினுடையதைவிடத் தடித்திருந்தது.

இதிலிருந்து எழும் கேள்வி கூர்மையானது. வெறுங்கூண்டு எலியை இயல்பான எலி என்று கொண்டு பல்லாண்டுகள் ஆய்வுகள் நடந்தன. உண்மையில் அது வாய்ப்புகள் மறுக்கப்பட்ட எலியாகும். பல தலைமுறைகள் கூண்டில் பிறந்தும் அதன் இயல்பு அழிந்துவிடவில்லை. ஆய்வக எலிகளைத் திறந்தவெளி அடைப்பில் விட்டு ஆக்ஸ்போர்டின் மானுவேல் பெர்தாய் 2002-இல் எடுத்த ஆவணப்படத்தில், அவை நீரையும் உணவையும் தேடிக் கண்டடைந்து, வளை தோண்டி, காட்டெலிகளைப் போலவே கூட்டமாக வாழத் தொடங்கின.

மனிதநேயச் செய்முறை

இங்கிலாந்தில் வேறொரு வழியில் இதே நோக்கம் வளர்ந்தது. சார்லஸ் ஹியூம் 1926-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய விலங்கு நலச் சங்கம், பின்னர்ப் பல்கலைக்கழகங்களின் விலங்கு நலக் கூட்டமைப்பாக விரிந்தது. விலங்காய்வை முற்றாக எதிர்ப்போருக்கும் அதில் எவ்விதக் கட்டுப்பாட்டையும் ஏற்காதோருக்கும் இடையில், விலங்கு நலத்தை அறிவியல் முறையிலேயே அணுகுவது அவ்வமைப்பின் நிலைப்பாடு ஆகும். ஆய்வக விலங்குப் பராமரிப்புக் கையேட்டை 1947-இல் அது வெளியிட்டது. அதன் முயற்சியால் விலங்கியலாளர் வில்லியம் ரஸ்ஸலும் நுண்ணுயிரியலாளர் ரெக்ஸ் பர்ச்சும் மேற்கொண்ட ஆய்வு 1959-இல் நூலாக வந்தது. விலங்குக்குப் பதிலாக வேறு வழியை நாடும் மாற்றீடு, எண்ணிக்கையைக் குறைக்கும் குறைப்பு, துன்பத்தைத் தணிக்கும் செம்மையாக்கம் என அந்நூல் வகுத்த மூன்று கொள்கைகள் இன்று பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படையாக உள்ளன.

கையாளும் முறையும் ஆய்வு முடிவும்

ஆய்வகச் சூழலின் ஆற்றலை 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வெளிச்சமிட்டது. ஜான் கிராப் குழுவினர் போர்ட்லாந்து, ஆல்பனி, எட்மண்டன் ஆகிய மூன்று நகரங்களில் ஒரே இனவழிச் சுண்டெலிகளை ஒரே வகைக் கருவிகளில், ஒரே வேளைகளில் சோதித்தனர். இனவழிகளுக்கிடையேயான பெரிய வேறுபாடுகள் எங்கும் ஒத்திருந்தன. எனினும் சில சோதனைகளில் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. சீர்ப்படுத்தியும் எஞ்சிய இவ்வேறுபாடு, அன்றாடக் கையாளுகையின் மீது கவனத்தைத் திருப்பியது.

சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவது ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். இம்முறை அதற்கு வெறுப்பையும் பதற்றத்தையும் விளைவிக்கிறது என்பதையும், குழாயினுள் நுழையவிட்டோ குவித்த கைகளில் ஏந்தியோ எடுத்தால் அது மனிதரைத் தானே நெருங்கி வருகிறது என்பதையும் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் ஆகியோர் 2010-இல் நிறுவினர். அதே ஆண்டில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் இடுங்குதல், மூக்கும் கன்னமும் புடைத்தல், காதின் நிலை, மீசைமயிரின் மாற்றம் ஆகியவற்றைக் கொண்டு சுண்டெலியின் வலியை மதிப்பிடும் அளவுகோலை வெளியிட்டனர். அறையில் ஆண் ஆய்வாளர் இருப்பதும் அவருடைய உடல்வாடையும் கொறிணிகளிடம் நெருக்கடியை உண்டாக்கி, வலி வெளிப்பாட்டைக் குறைக்கின்றன என்பது 2014-இல் அறியப்பட்டது. அச்சுறுத்தப்பட்ட எலி தரும் தரவில் அச்சமும் கலந்தே இருக்கும் என்பதே இவற்றின் ஒட்டுமொத்தப் பொருள்.

சட்டத்தின் பார்வையில் எலி

அறிவியல் இவ்வாறு எலியை நெருங்கியபோதும் சட்டம் எல்லா நாடுகளிலும் அவ்வாறு நெருங்கவில்லை. அமெரிக்காவில் 1966-இல் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம் நாய், பூனை, குரங்கு, முயல் முதலியவற்றைக் காத்தது. ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் பறவைகளும் 2002-இல் அச்சட்டத்தின் ‘விலங்கு’ என்னும் வரையறையிலிருந்தே வெளிப்படையாக விலக்கப்பட்டன. அரசு நல்கை பெறும் ஆய்வுகளை வேறு விதிகள் கட்டுப்படுத்துகின்றன என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

இந்தியாவின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஐச் சார்ந்தது. சென்னை கலாஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா அதற்கு வித்திட்டது. மனிதர் அல்லாத எல்லா உயிரையும் ‘விலங்கு’ என்று அச்சட்டம் வரையறுப்பதால் எலி அதனுள் அடங்குகிறது. சோதனைகள் உரிய கவனத்துடனும் மனிதநேயத்துடனும், இயன்றவரை மயக்க மருந்தின் கீழும் நடைபெற வேண்டும் என்பது அதன் 17-ஆம் பிரிவின் நோக்கம். 1998-ஆம் ஆண்டு விதிகள் நிறுவனங்களின் பதிவையும் நெறிக்குழுவின் ஒப்புதலையும் கட்டாயமாக்கின.

ஆயினும் அதே 17-ஆம் பிரிவு, கினிப்பன்றி, முயல், தவளை, எலி போன்ற சிறு விலங்குகளில் அதே முடிவைப் பெற முடியுமானால் பெரிய விலங்குகளில் சோதிப்பதைத் தவிர்க்குமாறும் கூறுகிறது. பெரிய விலங்கைக் காக்கும் இந்த ஏற்பாடு, சிறிய விலங்கின்மேல் சுமையை மாற்றுகிறது. அமெரிக்கச் சட்டம் எலியைக் கணக்கில் கொள்ளாது விட்டது. இந்தியச் சட்டம் கணக்கில் கொண்டு, வரிசையின் கடைசியில் நிறுத்தியது.

முடிவுரை

எலியைப் பேணுதல் ஆய்வின் நம்பகத்தன்மைக்கு இன்றியமையாதது என்பது கிங்கின் உணவுத் திருத்தம் முதல் ஹர்ஸ்டின் குழாய் வரை பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. இக்காரணமே ஆய்வகங்களில் பல நல்ல மாற்றங்களைக் கொணர்ந்தது. ஆனால் தரவின் நலனை மட்டும் சார்ந்த பராமரிப்பு, தரவுக்குப் பயன் தராத இடத்தில் நின்றுவிடும். சோதனை முடிந்த எலிக்கும் எச்சோதனைக்கும் எடுக்கப்படாமல் உபரியாகப் பிறந்த எலிக்கும் அக்காரணம் எதையும் வழங்குவதில்லை. அவ்விடத்தில் பேசவேண்டியது அறமே. இந்தியச் சட்டத்தின் பரந்த வரையறை அதற்கு இடம் தருகிறது. அவ்விடம் பயன்படுவது, நெறிக்குழு எலியின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறதா, அதன் கூண்டையும் பார்க்கிறதா என்பதைப் பொறுத்தது.