சாட்டை, கசை, மத்திகை, சவுக்கு

சில வருஷங்களுக்கு முன் பூஜை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பவானிபூரிலிருந்து விக்டோரியா மண்டபம் என்ன பெரிய தூரமா? ஒரு சாயங்காலம் நடந்தே போனோம். அங்கே நின்ற குதிரை வண்டிக்காரரின் கையைக் காட்டி, "தாத்தா, அதுக்கு பெங்காலியில என்ன பேரு?" என்று கேட்டான். வண்டிக்காரரையே கேட்கச் சொன்னேன். "சாபுக்" என்றார் அவர். "நம்ம சவுக்கு மாதிரியே இருக்கே!" என்று பேரனுக்கு ஒரே ஆச்சரியம்.

மாதிரி என்ன, அதே சொல்தான். பாரசீக மொழியின் 'சாபுக்' வங்காளத்தில் அப்படியே தங்கியது, தமிழில் சவுக்காயிற்று. கம்பெனிக்கார ஆங்கிலேயர் அதை 'சாபக்' ஆக்கி, அடிப்பதற்கும் அதையே வினையாகப் பேசினார்கள். 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. மலாய் மொழியில் அது 'சம்புக்'. அங்கிருந்து அடிமைகளோடு கப்பலேறித் தென்னாப்பிரிக்கா போய் 'சம்போக்' ஆனது. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களுக்கு, ஊரில் கேட்ட சொல்லே அங்கேயும் வேறு வாயில் காத்திருந்தது.

தமிழில் இந்த ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் பாருங்கள். கசை வடமொழியிலிருந்து வந்தது. முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனுக்கு இருக்கை அமைக்கும் யவனர் மத்திகையோடு காட்சி தருகிறார்கள். குதிரைச் சாட்டை என்று அதற்குப் பொருள். கிரேக்கத்தில் சாட்டைக்குப் பெயர் 'மாஸ்டிக்ஸ்'. அதுவே மத்திகை ஆயிற்று என்று அறிஞர் சிலர் சொல்வதை நான் ஏற்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சாட்டையும் அதற்கொரு பெயரும் கொண்டுவந்திருக்கிறார்கள்! நம் சொந்தச் சொல் சாட்டை. பம்பரத்தில் சுற்றும் கயிற்றுக்கும் அதுதான் பெயர்.

பெயர்கள் இத்தனை இருக்க, அதைப் பின்னியவரைப் பற்றி நம் நூல்களில் அதிகம் பேச்சில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். 1962-ல் எனக்கு எட்டு வயது. அறுவடை முடிந்ததும் தோல் வேலை செய்பவர் ஒருவர் வருவார். கொல்லைப்புறப் புளியமரத்தடிதான் அவர் இடம், அதைத் தாண்டி வரமாட்டார். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய எருமைத்தோல் கொண்டுவருவார். அதில் வட்டமாக ஒரு துண்டு நறுக்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போவார். 20 சென்டிமீட்டர் அகல வட்டத்தில் அரை சென்டிமீட்டர் வாராக அறுத்தால் ஏறத்தாழ 6 மீட்டர் கிடைக்கும். கணக்குப் படித்த பிறகு நான் போட்டுப் பார்த்தது இது. அவருக்குக் கண்ணளவே கணக்கு.

வாரை நனைத்து, மரத்தில் கட்டி இழுத்துவிடுவார். இப்போது நீளாவிட்டால் பின்னிய பிறகு நீண்டு பின்னல் தொளதொளத்துவிடும். பிறகு இரண்டு ஓரங்களையும் சீவுவார். சீவாத வார் பின்னலில் படிந்து உட்காராது. நடுவில் கனத்த உள்வார் ஒன்று. அதைச் சுற்றி எட்டு வார். கைப்பிடிப் பக்கம் எட்டாகத் தொடங்கும் பின்னல், கொஞ்ச தூரத்தில் இரண்டு வாரை உள்ளே மடக்கிவிட்டு ஆறாகும், பிறகு நாலாகும். அந்த இடம் வெளியே தெரியக் கூடாது, தடவிப் பார்த்தாலும் தட்டுப்படக் கூடாது. முடிந்ததும் பலகைமேல் போட்டுக் காலால் உருட்டுவார். சதுரமாக இருந்தது உருண்டுவிடும். விளக்கெண்ணெய் தடவி, நுனியில் நூல் குஞ்சம் கட்டி, ஒரே ஒரு வீச்சு. தெருக்கோடி நாய் எழுந்து ஓடும்!

அந்தச் சத்தம் சாட்டை எதன்மேலோ பட்டு வருவதில்லை. அடியிலிருந்து நுனி வரை பருமன் குறைந்துகொண்டே போவதால், கையில் புறப்பட்ட அசைவு போகப்போக வேகமெடுக்கிறது. கடைசியில் ஒலியையே முந்திவிடுகிறது. நொடிக்கு 340 மீட்டருக்கும் மேல். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் எழுப்பும் வெடிச்சத்தமும் இதுவும் ஒரே இனம். 1958-ல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். 2002-ல் கோரியலி, மக்மில்லன் என்ற இருவர், சாட்டையில் ஓடும் வளைவே அந்த வெடியைக் கிளப்புகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, எட்டை ஆறாக்கி ஆறை நாலாக்கும் அந்தக் கைவேலை வெறும் அழகுக்காக அல்ல. பின்னலில் ஓரிடம் திடீரென மெலிந்தால் வேகம் அங்கேயே உடைந்துபோகும்.

சத்தத்துக்காகவே சாட்டை வீசுவதும் உண்டு. கண்டி பெரஹராவில் ஊர்வலத்தின் முன்னால் சாட்டை வீசுபவர்கள் வருகிறார்கள். இந்தக் கல்கத்தாவிலும் 1873-ல் ஓடத் தொடங்கிய டிராம் குதிரை இழுத்த டிராம்தான். 1902-ல் மின்சாரம் வந்த பிறகு மணியோசைதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் அந்தச் சாட்டை நெற்குதிருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். "டேய், அதைத் தொடாதே. அது வண்டி மாட்டுக்கு" என்பார் தாத்தா. ஆனால் வண்டிச் சாட்டை வண்டிக்கொட்டகையில் தனியாக, மூங்கில் கோலோடு இருந்தது. அதை யோசிக்கும் வயது அப்போது இல்லை.

வேலைக்காகக் கல்கத்தா வந்து, இங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குக் கொடுத்த தண்டனைகளுக்கு 'சாணிப்பால், சவுக்கடி' என்றே பெயர். 1943-ல் தஞ்சைக்கு வந்த பி. சீனிவாசராவ், தென்கன்னடத்துக்காரர், அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1944-ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் அந்த இரண்டையும் நிறுத்த மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசு 1864-ல் சட்டம் போட்டே கசையடி கொடுத்துவந்தது. அது சட்டப்புத்தகத்திலிருந்து நீங்க 1955 ஆயிற்று. அரசுக்குப் பதினொரு வருஷம் முன்பாகவே, எழுதப் படிக்கத் தெரியாத பண்ணையாட்கள் தங்கள் முதுகைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

1962-ல் நான் பார்த்தது புதுச் சாட்டை பின்னுவதை. ஒப்பந்தம் ஆகிப் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அது எதற்காக என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "சும்மா இருக்கட்டும்னு தாத்தா வச்சிருந்தார்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டை விற்றபோது சாட்டையை நான்தான் எடுத்து வந்தேன். இப்போது பவானிபூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கல்கத்தா மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவி வைப்பேன். எட்டு ஆறாகும் இடத்தை இன்றைக்கும் விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு விக்டோரியாவிலிருந்து திரும்பியதும் பேரனிடம் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதைப் பண்ணினவர் பேரு என்ன, தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.