சபரிமலைக்கு நடந்து போறீங்களா சாமி? எங்கே தங்கலாம், எங்கே சிக்னல் போகும்... தென்காசி, குற்றாலம் வழி முழு விவரம்

தென்காசி:

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ரோடுகளில் எங்கே பார்த்தாலும் கருப்பு வேட்டி, நீல வேட்டிதான். வேனில் வருபவர்கள் ஒரு பக்கம். தலையில் இருமுடியை வைத்துக்கொண்டு மதுரை, ராஜபாளையம் பக்கம் இருந்து நடந்தே வருபவர்கள் இன்னொரு பக்கம்.

வேனில் போகிறவர்களுக்கு வண்டியே வீடு. நடந்து போகிறவர்களுக்கு அப்படி இல்லை. பொழுது சாய்ந்தால் படுக்க இடம் வேண்டும். கூட்டத்தில் ஒருத்தர் பின்தங்கினால் கூப்பிட போன் வேண்டும். இந்த இரண்டையும் ஊரில் இருக்கும்போதே முடிவு செய்யாமல் கிளம்பும் குழுக்கள்தான் பாதி வழியில் திண்டாடுகின்றன. ரோட்டோரத்தில் படுப்பதும், இருட்டில் நடப்பதும் உயிருக்கே ஆபத்தாகி விடுகிறது.

எத்தனை நாள்... எத்தனை கிலோ மீட்டர்?

மண்டல சீசன் நவம்பர் 16 அல்லது 17-ந் தேதி கார்த்திகை 1-ல் தொடங்குகிறது. 41 நாள் கழித்து டிசம்பர் கடைசியில் மண்டல பூஜையுடன் நடை சாத்தப்படும். மறுபடி டிசம்பர் 30 வாக்கில் திறந்து, ஜனவரி 14 அல்லது 15-ல் மகரஜோதி. ஜனவரி 20 வாக்கில் சீசன் முடிந்துவிடும்.

தென்காசியில் இருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், பத்தனாபுரம், கோந்நி, பத்தனம்திட்டா, வடசேரிக்கரை, நிலக்கல் வழியாக பம்பை வரை ஏறக்குறைய 160 கிலோ மீட்டர். இதில் தென்காசி - புனலூர் சுமார் 60. பத்தனம்திட்டா - பம்பை சுமார் 65. பம்பையில் இருந்து நீலிமலை ஏறி சன்னிதானம் 5 கிலோ மீட்டர்.

ஒரு நாளைக்கு 25 கிலோ மீட்டர் என்று வைத்தால் 6 முதல் 7 நாள் ஆகும். "நாங்க 40 நடப்போம்" என்று கணக்கு போடாதீர்கள். சமவெளியில் 40 நடக்கிற கால், புளியரை தாண்டி மலை ஏறும்போது 25-க்கே கெஞ்சும். குழுவில் வயதானவர், சின்னப் பிள்ளை இருந்தால் இன்னும் குறைத்துப் போடுங்கள்.

முதல் தங்கல்: தென்காசியா, குற்றாலமா?

ராஜபாளையம் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு இந்த இரண்டு ஊரும்தான் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பெரிய தங்கல். இரண்டுக்கும் இடையே 5, 6 கிலோ மீட்டர்தான்.

தென்காசியில் காசி விசுவநாதர் கோவிலைச் சுற்றியும், பஸ் நிலையம், ரெயில் நிலையம் பக்கமும் லாட்ஜுகள் இருக்கின்றன. மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, செல்போன் கடை எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். கால் கொப்புளத்துக்கு மருந்து போட, சார்ஜர் வாங்க, ரீசார்ஜ் செய்ய இதுதான் சரியான ஊர்.

குற்றாலத்தில் லாட்ஜ், காட்டேஜ், மண்டபம் ஏராளம். பேரூராட்சி விடுதிகளும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன் என்றால், கார்த்திகை, மார்கழி ஐயப்ப சீசன். சனி, ஞாயிறு முழுக்க ஃபுல் ஆகிவிடும். அதனால் குற்றாலத்தில் தங்குகிற நாளை திங்கள் முதல் வியாழனுக்குள் வருகிற மாதிரி கிளம்புங்கள்.

மண்டபம் பேசும்போது கேட்க வேண்டியது: எத்தனை கழிப்பறை? சமைக்க விடுவார்களா, பாத்திரம் தருவார்களா? பூஜை போட இடம் உண்டா? சுவரில் எத்தனை பிளக் பாயிண்ட்? 30 பேர் குழுவுக்கு 2 பிளக் பாயிண்ட் என்றால் காலையில் பாதிப் பேர் போன் செத்துக் கிடக்கும். குழுவுக்கு 2 எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கட்டாயம்.

முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். நெட்டில் போட்டோவைப் பார்த்து, முகம் தெரியாத ஆளுக்கு முழுப் பணத்தையும் போனில் அனுப்பி ஏமாறாதீர்கள். குழுவில் ஒருத்தர் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. அறை எடுக்க ஆதார் அட்டை வேண்டும்.

அருவியில் உஷார்

குற்றாலம் வந்துவிட்டு குளிக்காமல் போவதா என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் ஐயப்ப சீசனும் வடகிழக்கு மழையும் ஒரே நேரத்தில் வருகின்றன. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவன் இறந்தான். அதே ஆண்டு டிசம்பரில் மெயினருவியில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. போலீசார் தடை போட்டால் தடைதான். "மாலை போட்ட சாமி, விடுங்க" என்று மல்லுக்கட்ட வேண்டாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கவும் தடை. குளிக்கும்போது போன்களை எல்லாம் ஒரே பையில் போட்டு ஒரு ஆளைக் காவலுக்கு வையுங்கள்.

புளியரை... கவனம்!

செங்கோட்டை தாண்டினால் புளியரை. எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் போனால் கேரளா. கேரளாவுக்குப் போகும் கனரக லாரிகள் இரவு பகலாக இந்த வழியில்தான் ஏறி இறங்குகின்றன. 2024 பிப்ரவரியில் ஒரு லாரி ரோட்டில் இருந்து கவிழ்ந்து கீழே ரெயில் தண்டவாளத்திலேயே விழுந்தது. நள்ளிரவில் ஒரு வயதான தம்பதி டார்ச் அடித்து ஓடி வந்து ரெயிலை நிறுத்தியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த மலைப்பாதையை இருட்டில் நடக்காதீர்கள். செங்கோட்டையிலோ புளியரையிலோ படுத்துவிட்டு, விடிந்ததும் ஏறுங்கள். வண்டி எதிரே வருகிற பக்கமாக, ரோட்டின் வலது ஓரத்தில், ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். பை, இருமுடி, சட்டை முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முன்னால் ஒருத்தர், கடைசியில் ஒருத்தர் டார்ச்சுடன் வர வேண்டும்.

கேரளாவில் எங்கே படுப்பது?

கேரள எல்லைக்குள் "இடத்தாவளம்" என்று போர்டு இருந்தால் அது நமக்கான இடம். ஐயப்ப பக்தர்கள் தங்குவதற்காகக் கோவில்களிலும் உள்ளாட்சி சார்பிலும் ஏற்பாடு செய்கிற தங்கல் அது. விரி வைத்துப் படுக்கலாம். பத்தனம்திட்டா, வடசேரிக்கரை போன்ற ஊர்களில் உண்டு. சீசனில் மட்டுமே முழு வசதி இருக்கும்.

ஆரியங்காவு சாஸ்தா கோவில் முதல் தங்கலுக்குத் தோதான இடம். இங்கே ஐயன் புஷ்கலாவுடன் இருக்கிறார். மதுரை சவுராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து மார்கழியில் திருக்கல்யாணம் நடத்துவார்கள். அந்த நாட்களில் இடம் கிடைப்பது கஷ்டம். அடுத்து தென்மலை, புனலூர், பத்தனாபுரம், கோந்நி என்று பிரித்துக்கொள்ளலாம். புனலூர் பெரிய ஊர். ஒரு நாள் ஓய்வெடுத்து, துணி துவைத்து, மருந்து வாங்கிக்கொள்ள ஏற்றது.

அச்சன்கோவில் போகிறவர்கள் செங்கோட்டையில் இருந்து மேக்கரை வழியாகப் போக வேண்டும். சுமார் 30 கிலோ மீட்டர். முக்கால்வாசி காடு. யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை சோதனைச்சாவடியில் கேட்டுவிட்டு, பகலில் மட்டும் போங்கள்.

சன்னிதானத்தில் தேவசம் போர்டு அறைகளை ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். தரிசனத்துக்கும் விர்ச்சுவல் கியூ பதிவு வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஸ்பாட் புக்கிங் எங்கே என்பது சீசனுக்கு சீசன் மாறுகிறது. நடந்து போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகவே கணக்குப் போட்டு தேதி போடுங்கள். பதிவுச் சீட்டைத் தாளில் பிரிண்ட் எடுத்து வையுங்கள். போன் செத்தாலும் தாள் சாகாது.

போன்: ரோமிங் பயம் வேண்டாம்

ஒரு காலத்தில் புளியரை தாண்டினாலே ரோமிங் காசு எகிறும். யாராவது கூப்பிட்டால்கூட நம்ம பாலன்ஸ் குறையும். அதற்குப் பயந்து போனை ஆப் பண்ணிவிட்டு நடந்த சாமிகள் உண்டு. இப்போது அந்த பயம் இல்லை. 2015-ல் பி.எஸ்.என்.எல். வெளிமாநிலத்தில் இன்கமிங் இலவசம் என்று ஆரம்பித்தது. பிறகு மற்ற கம்பெனிகளும் வந்துவிட்டன. தமிழ்நாட்டு சிம்மே கேரளா முழுக்க வேலை செய்யும். புது சிம் வாங்க வேண்டாம்.

ஆனால் வேலிடிட்டியைப் பாருங்கள். பாதி வழியில் ரீசார்ஜ் முடிந்தால் அவுட்கோயிங் மட்டுமல்ல, சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். போகிற நாள், வருகிற நாள், கூடுதலாக ஒரு வாரம் சேர்த்து ரீசார்ஜ் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சிக்னல் எங்கே போகும்?

தென்காசி, செங்கோட்டை, புனலூர், பத்தனம்திட்டா போன்ற ஊர்களில் பிரச்சினை இல்லை. ஆரியங்காவு - தென்மலை மலைத் திருப்பங்களில் வந்து வந்து போகும். மேக்கரை - அச்சன்கோவில் காடு, வடசேரிக்கரை தாண்டி நிலக்கல் வரையுள்ள காட்டுப்பகுதி, எரிமேலியில் இருந்து அழுதா, கரிமலை வழியாகப் போகும் பெருவழிப்பாதை ஆகியவற்றில் நம்பவே முடியாது.

குழுவில் எல்லோரும் ஒரே கம்பெனி சிம் வைக்காதீர்கள். இரண்டு, மூன்று கம்பெனி இருந்தால் எங்காவது ஒன்றில் டவர் கிடைக்கும். நம்ம சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் 112-க்கு அவசர அழைப்பு போகும். ஆம்புலன்சுக்கு இரண்டு மாநிலத்திலும் 108.

காட்டுக்குள் போனைப் பிளைட் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். பெருவழிப்பாதையில் போகிறவர்கள் கேரள வனத்துறையின் "அய்யன்" ஆப்பை ஊரிலேயே இறக்கி வையுங்கள். நெட் இல்லாத இடத்திலும் பயன்படும். அந்தப் பாதையில் பிற்பகலுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

2024 சீசனில் நிலக்கல், பம்பை, சன்னிதானத்தில் பி.எஸ்.என்.எல். 48 இடங்களில் வைபை வைத்தது. முதல் அரை மணி நேரம் இலவசம். 18-ம் படியிலும் சன்னிதான முற்றத்திலும் போட்டோ, வீடியோ எடுக்கத் தடை. போனை உள்ளே வைத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள்

* குழுவுக்கு ஒரு பட்டன் போன். ஒரு சார்ஜில் பல நாள் நிற்கும். அது குருசாமி கையில் இருக்கட்டும்.

* 5 பேருக்கு ஒரு பவர் பேங்க். 10 ஆயிரம் எம்.ஏ.எச். என்றால் ஒரு போனை ஒரு தடவைக்கு மேல் ஏற்றலாம்.

* ஒவ்வொரு சாமி சட்டைப்பையிலும் ஒரு சீட்டு. பெயர், ஊர், குருசாமி நம்பர், வீட்டு நம்பர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை. பின்பக்கம் மலையாளத்திலும் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

* தினமும் ராத்திரி ஒரே நேரத்தில், ஒரே ஆள் ஊருக்குப் போன் செய்யட்டும். அவர் மற்ற வீடுகளுக்குச் சொல்லிவிடுவார். "காட்டுப்பாதையில் அன்றைக்குப் போன் வராது" என்று முன்பே சொல்லி வைத்தால் வீட்டில் பதற மாட்டார்கள்.

* அடுத்து சேர வேண்டிய இடத்தைக் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிரிந்தவர் தேடி அலையக் கூடாது. நேராக அந்த இடத்துக்கு வந்து உட்கார வேண்டும்.

* கையில் கொஞ்சம் ரொக்கம். சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்கேன் பண்ணி டீ குடிக்க முடியாது.

* பம்பையில் கேரள போலீசார் சின்னப் பிள்ளைகள் கையில் பட்டை கட்டுவார்கள். தவறாமல் கட்டிக்கொள்ளுங்கள்.

அப்படியும் யாராவது தொலைந்தால் பம்பையிலும் சன்னிதானத்திலும் அறிவிப்பு மையம் இருக்கிறது. தமிழிலும் மைக்கில் கூப்பிடுவார்கள். சொல்ல வேண்டியது பெயரும் ஊரும் மட்டுமல்ல, குருசாமி பெயரும்தான்.

திரும்பி வரும்போது

கால் விட்டுப்போயிருக்கும். நடக்க வேண்டாம். புனலூர் வந்துவிட்டால் செங்கோட்டை, தென்காசிக்கு ரெயில் உண்டு. 1904-ல் போட்ட இந்த மலைப்பாதை, 2010-ல் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டு 2018-ல் மறுபடி திறந்தது. புனலூர் - செங்கோட்டை 49 கிலோ மீட்டர். நீங்கள் ஒன்றரை, இரண்டு நாள் நடந்த மலையை உட்கார்ந்தே இறங்கலாம். ரெயில் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறியதும் முதல் வேலை, குழுவில் தலை எண்ணுவது. எண்ணிக்கை சரியாக இருந்தால் வீட்டுக்கு ஒரு போன். அந்த ஒரு போனுக்காகத்தான் அங்கே எல்லோரும் முழித்துக்கொண்டு இருப்பார்கள் சாமி.