முழங்கால் ஜவ்வு கிழிந்தால்: அறுவை சிகிச்சையா, பயிற்சியா?



நம் ஊர் மஸ்ஜிதுகளில் ஸஃப்பின் ஓரத்தில் போடப்படும் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. முன்பு அவற்றில் அமர்ந்தவர்கள் எழுபது கடந்தவர்கள். இப்போது நாற்பது, ஐம்பது வயதுச் சகோதரர்களையும் அங்கே காண்கிறோம். வீட்டிலுள்ள பெண்களின் முழங்கால் வலியோ யார் கண்ணிலும் படுவதில்லை.

அஸர் தொழுகை முடிந்ததும் ஸ்கேன் உறையைக் கையில் பிடித்தபடி நம்மிடம் வருவோர் உண்டு. “ஹஜ்ரத், அம்மாவுக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. நகையை அடகு வைக்கலாமா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். நாம் மருத்துவர் அல்ல. அந்த உறைக்குள் இருப்பதற்கு நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் எதைக் கேட்பது, எதற்கு அவசரப்படுவது, எதற்குப் பொறுமை காப்பது என்று தெரிந்திருந்தால் ஒரு குடும்பம் கடனில் விழாமலும், காலை இழக்காமலும் தப்பலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

எந்த ஜவ்வு?

முதல் குழப்பம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார்களையும் நாம் ‘ஜவ்வு’ என்கிறோம். அந்த இரு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போல் இருக்கும் மெனிஸ்கஸையும் ‘ஜவ்வு’ என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு, இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எந்த ஜவ்வு டாக்டர், கட்டும் ஜவ்வா, மெத்தை ஜவ்வா?”

இந்தக் கட்டுரை மெத்தை ஜவ்வான மெனிஸ்கஸைப் பற்றியது. ஒவ்வொரு முழங்காலிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு உண்டு. பிறை வடிவில் இருக்கும். நிற்கும்போது முழங்காலில் இறங்கும் பாரத்தில் ஏறத்தாழ பாதியை இவை தாங்குகின்றன. காலை மடக்கும்போது அதைவிடக் கூடுதலாகத் தாங்குகின்றன. இதன் வெளி ஓரத்துக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு, உள் ஓரத்துக்குக் கிடையாது. எனவே வெளி ஓரத்தில் கிழிந்தால் தைத்து ஒட்டவைக்க வாய்ப்பு அதிகம். உள் ஓரத்தில் கிழிந்தால் தானாக ஒட்டுவது அரிது.

இரண்டு வகைக் கிழிசல்

ஒன்று, அடிபட்டுக் கிழிவது. கால்பந்தோ கபடியோ ஆடும் இளைஞர், பாதம் தரையில் ஊன்றியிருக்க உடலை மட்டும் திருப்புகிறார், பைக்கிலிருந்து விழுகிறார். அந்த நொடியிலேயே வலி வரும். சில மணி நேரத்தில் அல்லது மறுநாளில் வீக்கம் வரும்.

மற்றொன்று, தேய்ந்து கிழிவது. நாற்பது வயதுக்கு மேல் ஜவ்வு தன் மீள்தன்மையை இழந்து, துவைத்துத் துவைத்து நைந்த துணியைப் போல் ஆகிறது. பெரிய அடி எதுவும் வேண்டாம். தரையிலிருந்து எழுந்தபோது, படி இறங்கியபோது என்று சிறு அசைவே போதும். அப்படி ஒரு அசைவும் நினைவில் இல்லாதவர்களும் உண்டு.

நம் பகுதியின் வாழ்க்கை முறை இந்த இரண்டாம் வகையோடு நெருங்கியது. டேனரியில் ஈரத் தோலைக் குனிந்து தூக்குபவர்கள், ஷூ கம்பெனியில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்கள், வீட்டுத் தரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் என எல்லோருடைய முழங்காலும் நெடுநேரம் பாரத்தில் இருக்கிறது. நெடுங்காலம் குந்தியும் மண்டியிட்டும் செய்யும் வேலைக்கும் ஜவ்வுத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. உடல் எடை கூடினால் பாரம் இன்னும் கூடும்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பும் மூட்டுத் தேய்மானமும்தான் தெரியும். ஜவ்வைப் பார்க்க எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டும். ஆனால் ஸ்கேனில் கிழிசல் தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்காலை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முழங்கால் வலிக்காக வந்த நோயாளிகள் அல்ல, சாதாரண ஊர் மக்கள். 2008இல் முடிவு வெளியானது. ஜவ்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ இல்லவே இல்லை. தலை நரைப்பதைப் போல, வயதோடு வரும் மாற்றமாகவே பலருக்கு இந்தக் கிழிசல் இருக்கிறது.

ஆகவே ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரியைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். மருத்துவர் காலைத் தொட்டு, மடக்கி, திருப்பிப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கண்டறிவதும், உங்கள் வாயால் சொல்லும் கதையும் ஸ்கேனுக்குச் சமமான சான்றுகள். காலைத் தொடாமல் ஸ்கேனை மட்டும் பார்த்து அறுவைக்குத் தேதி கொடுக்கப்பட்டால், இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையிலான 146 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. தேய்ந்து கிழிந்த ஜவ்வு உள்ளவர்கள், ஆனால் மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள். அவர்களின் சம்மதத்துடன் பாதிப் பேருக்குத் துளை வழியே கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு அறுவை செய்வது போன்ற நடைமுறையைச் செய்து, ஜவ்வை வெட்டாமல் விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். இது 2013இல் வெளியானது.

2016இல் வெளியான நார்வே ஆய்வில் 140 பேர். ஒரு பிரிவுக்கு அறுவை. மற்றொரு பிரிவுக்கு 12 வாரம் மேற்பார்வையுடன் உடற்பயிற்சி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலியிலும் செயல்பாட்டிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி செய்தவர்களுக்குத் தொடைத் தசை வலுத்திருந்தது கூடுதல் நன்மை.

இந்த வகை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்குத் துளை வழி அறுவை வேண்டாம் என்று 2017இல் வலுவாகப் பரிந்துரைத்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பயிற்சிப் பிரிவில் சேர்ந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் அறுவைக்குப் போனார்கள். பயிற்சி எல்லோருக்கும் போதவில்லை என்பதே இதன் பொருள். முதலில் பயிற்சி, அதில் தேறாவிட்டால் அறுவை என்ற வரிசையே தேய்மானக் கிழிசலுக்கு நியாயமானது. அறுவைக்கான கதவு திறந்தேதான் இருக்கிறது. முதல் நாளே அதில் நுழைய வேண்டியதில்லை.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

பொறுமை என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கீழ்க்கண்டவை இருந்தால் எலும்பு மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.

1. முழங்கால் பூட்டிக்கொள்வது. கால் மடங்கிய நிலையில் நின்றுவிட்டு, எவ்வளவு முயன்றும் முழுதாக நீட்ட முடியாமல் போவது. கிழிந்த பெரிய துண்டு வாளியின் கைப்பிடி போலப் புரண்டு நடுவில் சிக்கியிருக்கலாம்.

2. அடிபட்ட இளவயதினருக்கு உடனடியாகப் பெரிய வீக்கம். தசைநாரும் சேர்ந்து அறுந்திருக்கலாம்.

3. குந்தும்போதோ படி ஏறும்போதோ முழங்காலின் பின்புறம் ‘பட்’டென்ற உணர்வும், அதன் பின் நடக்க முடியாத வலியும். ஜவ்வு எலும்பில் வேர்விட்டிருக்கும் இடமே பிய்ந்திருக்கலாம். தரையில் அமர்ந்து பழகிய நடுத்தர வயதுப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. வேர் பிய்ந்தால் ஜவ்வு முழுதும் இல்லாததற்கு ஈடாகப் பாரம் எலும்பில் இறங்கி, மூட்டு விரைவில் தேயும். ‘வயசானா வர்ற வலிதான்’ என்று வீட்டில் ஒதுக்கப்படுவது பெரும்பாலும் இந்த வலிதான்.

4. காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடாக இருப்பது. இது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு முறிவு என்றால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வருவது நம் பகுதிப் பழக்கம். பூட்டிக்கொண்ட முழங்காலை யாரும் இழுத்து நீட்ட விடாதீர்கள். சிக்கிய துண்டு மேலும் கிழியும். தேய்மானக் கிழிசலுக்கு வாரக் கணக்கில் கட்டுப் போட்டு அசைவை நிறுத்தினால் தொடைத் தசை மெலிந்து, வலி கூடவே செய்யும்.

அறுவை என்றால் எந்த அறுவை?

‘சின்ன ஓட்டைதான் போடுவாங்க’ என்று கேட்டதும் எல்லாம் ஒன்று என நினைத்துவிடுகிறோம். துளை ஒன்றுதான், உள்ளே செய்யும் வேலை இரண்டு.

வெட்டி எடுப்பது: கிழிந்த பகுதியை மட்டும் நீக்குவார்கள். சில நாட்களில் நடக்கலாம். சில வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் எடுத்த மெத்தை திரும்ப வளராது. ஜவ்வு முழுவதையும் எடுத்தால் மூட்டு தேயத் தொடங்குகிறது என்பதை ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948இலேயே எக்ஸ்ரே வழியே எடுத்துக் காட்டினார்.

தைப்பது: ஜவ்வைக் காப்பாற்றும் வழி இது. ஊன்றுகோலும் முழங்கால் பட்டையும் நான்கு முதல் ஆறு வாரம் வரை தேவைப்படலாம். பல மாதங்கள் குந்தக் கூடாது. தைத்தவற்றில் சுமார் ஐந்தில் ஒன்று பின்னர் விட்டுப்போவதும் உண்டு. இளைஞருக்கு, தைக்க முடிந்த கிழிசலாக இருந்தால், இத்தனை சிரமமும் தகும்.

டென்னிஸ் வீரர் ஜோகோவிச் 2024 ஜூன் மாதம் பாரிஸில் இந்த ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்டு, ஜூலையில் விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆடி, ஆகஸ்டில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இதை நம் இளைஞர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். அவருக்கு ஆட்டத்தின் நடுவே கிழிந்தது. நாள் முழுதும் அவரோடு இருக்க மருத்துவக் குழுவும் இருந்தது. ஐம்பத்தைந்து வயதுத் தாயாரின் தேய்ந்த முழங்காலுக்கு அவர் கதை அளவுகோல் ஆகாது.

பயிற்சி என்றால் என்ன?

மாத்திரை போட்டுவிட்டு ஓய்வெடுப்பது பயிற்சி அல்ல. தொடையின் முன் தசையை இறுக்கித் தளர்த்துவது, படுத்தபடி காலை நீட்டி உயர்த்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நிலையான சைக்கிள், ஒற்றைக் காலில் சமநிலை என்று பிசியோதெரபிஸ்ட் படிப்படியாகக் கற்றுத் தருவார். வாரம் இரண்டு மூன்று முறை, மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாள் செய்துவிட்டு ‘பயனில்லை’ என்பது மருந்தைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம்.

வீட்டிலும் மாற்றம் வேண்டும். தரையில் தைப்பவருக்கு உயரமான இருக்கை, குந்தும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் நாற்காலி, எடைக் குறைப்பு ஆகியவை. தாயார் தரையில் அமர்ந்து அரிசி புடைப்பதைப் பார்த்துக்கொண்டே ஸ்கேனுக்குப் பணம் தேடுவதில் பயனில்லை.

செலவும் உரிமையும்

ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ உண்டு. அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் சிகிச்சை கிடைக்கும். சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், நோய் விடுப்பில் ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையிடத்தில் நேர்ந்த காயம் என்றால் 90 சதவீதம். எனவே கம்பெனியில் அடிபட்டால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டுவதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சிகிச்சைக்கு முன்பே, அது அட்டையில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்கு வேலூர் சிஎம்சியும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பேருந்தில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன.

தொழுகை

முழங்கால் முழுதாக மடங்குவது அத்தஹிய்யாத் இருப்பில்தான். வலியைக் கடித்துக்கொண்டு அப்படி அமர்வதை மார்க்கம் கேட்கவில்லை. தம் கால்கள் தம்மைத் தாங்கவில்லை என்று கூறி, இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு அமர்ந்த செய்தி புகாரியில் உள்ளது. குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டபோது நபி (ஸல்) அவர்களே உட்கார்ந்து தொழுதிருக்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுத்தந்தது.

காலை ஒரு பக்கமாக நீட்டி அமரலாம், சம்மணமிடலாம். தரையில் சஜ்தா செய்ய முடிந்தவர் அதை விடக் கூடாது. முடியாதவர் சைகையால் செய்யும்போது ருகூவைவிட சஜ்தாவுக்குக் கூடுதலாகக் குனிய வேண்டும். நிற்பதைப் பொறுத்தவரை, சஜ்தா செய்ய இயலாதவர் அமர்ந்தே தொழலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. நிற்க முடிந்த அளவு நிற்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. உங்கள் மஸ்ஜித் இமாமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்க ஆறு கேள்விகள்

1. இது அடிபட்ட கிழிசலா, தேய்மானக் கிழிசலா?
2. என் வலிக்கு இந்தக் கிழிசல்தான் காரணமா, மூட்டுத் தேய்மானமா?
3. வேர் பிய்ந்திருக்கிறதா?
4. மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் ஏதேனும் கெடுதல் உண்டா?
5. அறுவை என்றால் தைப்பீர்களா, வெட்டி எடுப்பீர்களா?
6. எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

இந்த ஆறுக்கும் விடை கிடைத்த பின் குடும்பமாக உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். அந்த மஷூராவில் வலியைச் சுமப்பவர் பேசட்டும். நகை அவருடையது என்றால், அதை அடகு வைப்பதா வேண்டாமா என்பதில் முதல் சொல்லும் அவருடையதாகவே இருக்கட்டும். சிகிச்சை தேடுவது நபிவழி, ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து. வலியுள்ள ஒவ்வொருவருக்கும் அவன் முழு நிவாரணம் வழங்குவானாக. ஆமீன்.