மூக்குப்பொடி ஜாடியை மூடும் சத்தம்

1876 செப்டம்பர். லண்டனுக்குத் தெற்கே கென்ட் பகுதியிலுள்ள டௌன் என்ற சிற்றூர். ஃபிரான்சிஸ் மருத்துவம் படித்தவர். ஆனால் அந்தத் தொழிலுக்குப் போகாமல், அப்பாவுக்கு எழுத்தராகவும் ஆய்வில் உதவியாளராகவும் இருந்துகொண்டு, அதே ஊரில் தனிக்குடித்தனம் வைத்திருந்தார். தலைப்பிரசவத்தில் ஆண் குழந்தையைப் பெற்ற சில நாட்களில் அவருடைய மனைவி இறந்துபோனார். 28 வயது மகன் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் சார்ல்ஸ் டார்வின். அப்போது அவருக்கு 67 வயது. தன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்று தன் வாழ்க்கைக் கதையை அந்தக் கோடையில்தான், மே மாதம் தொடங்கி ஆகஸ்டில், எழுதி முடித்திருந்தார். ஆக ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அப்பா தன்னைப் பற்றி எழுதினார். அந்த அப்பாவைப் பற்றி எழுதப்போகும் பிள்ளை வீடு திரும்பினார். அடுத்த ஐந்தரை ஆண்டுகள், டார்வின் கண்மூடும்வரை, இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பரிணாமக் கொள்கையை விளக்க ஆயிரம் நூல்கள் வந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார், எதற்குக் கோபப்பட்டார் என்பதை நாம் தெரிந்துகொள்வது பெரும்பாலும் ஃபிரான்சிஸ் 1887-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்துதான். அதில் அப்பாவின் அன்றாட வாழ்க்கைக்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு. மற்றப் பக்கங்களெல்லாம் ஆவணம். இந்த அத்தியாயம் மட்டும் அப்பா.

அதற்குள் போகுமுன் டார்வினுடைய அப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஷ்ரூஸ்பரியில் பேர்பெற்ற மருத்துவர் ராபர்ட் டார்வின். ஆறடி இரண்டு அங்குல உயரம், ஏறத்தாழ 150 கிலோ எடை. வேட்டையும் நாயும் எலி பிடிப்பதும் தவிர வேறெதிலும் நாட்டமில்லாத இந்தப் பையன் குடும்பத்துக்கே அவமானம் என்று ஒரு முறை வெடித்தவர். பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் போக வாய்ப்பு வந்தபோது முதலில் கூடாது என்றவரும் அவர்தான். மாமா ஜோசியா வெட்ஜ்வுட் வந்து பேசிய பிறகே இறங்கிவந்தார். அப்படிப்பட்டவரைத்தான், தான் அறிந்தவர்களிலேயே மிக இரக்கமுள்ள மனிதர் என்று மகன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1848 நவம்பரில் ராபர்ட் இறந்தபோது, உடல்நலம் கெட்டுக் கிடந்த சார்ல்ஸ் சவ ஊர்வலத்துக்கு நேரத்தில் போய்ச்சேர முடியவில்லை.

ராபர்ட் தந்த இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது: பணம். டார்வின் தம் வாழ்நாளில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்ததே இல்லை. அந்தச் சொத்து இல்லாதிருந்தால் 1842 முதல் 40 ஆண்டுகள் ஒரே வீட்டில் உட்கார்ந்து தம் விருப்பப்படி ஆராய்ந்திருக்க முடியாது. மகனின் நூல் இதை அதிகம் பேசவில்லை. பிள்ளைகள் எழுதும் வரலாறுகளில் வீட்டுக் கணக்கு வெளியே வருவது அபூர்வம்தான்.

சரி, அந்த அத்தியாயத்துக்கு வருவோம். விடிந்ததும் ஒரு சிறு நடை. ஏழேமுக்கால் மணிக்குத் தனியாகக் காலை உணவு. எட்டு முதல் ஒன்பதரை வரை வேலை. நாளின் நல்ல நேரம் அதுதான் என்பது அவர் எண்ணம். பிறகு கூடத்துக்கு வந்து சோபாவில் படுத்துக்கொள்வார்; தபாலையோ நாவலையோ யாராவது வாய்விட்டுப் படிக்கக் கேட்பார். பத்தரைக்கு மறுபடி படிப்பறை. பன்னிரண்டு, பன்னிரண்டேகாலுக்கு எழுந்து இன்றைய வேலை நன்றாக முடிந்தது என்று திருப்தியோடு சொல்லிவிட்டு, பாலி என்ற வெள்ளை நாயுடன் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். மொத்தத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர உழைப்பு. இரவு உணவுக்குப் பின் மனைவி எம்மாவுடன் பகடை உருட்டி ஆடும் பேக்கேமன் இரண்டு ஆட்டம். அதற்கும் கணக்கு வைத்திருந்தார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு 1876-இல் எழுதிய கடிதத்தில், எம்மா வென்றவை 2,490, தான் வென்றவை 2,795 என்று குழந்தையைப்போலக் குதூகலிக்கிறார்.

இந்த ஒழுங்கு வைராக்கியத்தால் வந்ததன்று, நோயால் வந்தது. குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தூக்கமின்மை என்று 40 ஆண்டுகள் அவர் படாத பாடில்லை. அது என்ன நோய் என்று மருத்துவ உலகம் இன்றும் வாதாடுகிறது. விருந்தினரோடு அரை மணி கூடுதலாகப் பேசினால் அன்றிரவு தூக்கம் போயிற்று. அளந்து அளந்து செலவழித்த அந்த உடம்பிலிருந்துதான் பார்னகிள் என்ற கடலுயிரி பற்றிய எட்டு ஆண்டு ஆய்வும், உயிரினங்களின் தோற்றம் பற்றிய 1859-ஆம் ஆண்டு நூலும், அடுத்து ஆர்க்கிட், கொடிகள், பூச்சி தின்னும் செடிகள் பற்றிய நூல்களும் வந்தன. இன்று கிடைத்திருக்கும் அவருடைய கடிதப் போக்குவரத்து மட்டுமே 15,000-க்கு மேல். முட்டாள்தனமாக எழுதியவர்களுக்குக்கூடப் பதில் போடுவார். போடாவிட்டால் மனசாட்சி உறுத்தும் என்பார். நோயோடு போராடியவரின் வாழ்க்கையைச் சுறுசுறுப்பான வாழ்க்கை என்று கூசாமல் சொல்ல முடிவது இதனால்தான். மணி பார்த்து அந்த வீட்டை ஓட்டியவர் எம்மா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

ஃபிரான்சிஸின் கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் தப்பவில்லை. அப்பாவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். அதைக் குறைக்க அவர் செய்த உபாயம், ஜாடியைப் படிப்பறையில் வைக்காமல் கூடத்தில் வைத்தது. ஒவ்வொரு சிட்டிகைக்கும் எழுந்து நடக்க வேண்டுமல்லவா! பலன், அந்த ஜாடி மூடியின் கிண்ணென்ற சத்தம் வீட்டிலுள்ளோருக்கெல்லாம் பழகிப்போயிற்று. புத்தகங்கள் அவருக்கு வெறும் கருவிகள். தடித்த நூலானால் பிடித்துப் படிக்கத் தோதாக நடுவில் இரண்டாகப் பிய்த்துவிடுவார். ஆனால் காகிதத்தில் மகா சிக்கனம். வந்த கடிதங்களில் எழுதாமல் மிஞ்சிய வெற்றுத்தாளை எடுத்துவைப்பார். தன் பழைய கையெழுத்துப் படிகளின் பின்புறத்தில் குறிப்பெழுதுவார். அப்படித் தன் நூல்களின் மூலப்படிகளில் பெரும்பகுதியைத் தானே தொலைத்தார் என்று வருந்துகிறார் மகன்.

மகன் வருந்துவதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தைப் புரட்டிய 1859 நூலின் கையெழுத்துப் படியில் இன்று மிஞ்சியிருப்பது சில தாள்களே. அவற்றுள் சில பிழைத்ததற்குக் காரணம், அவற்றின் பின்புறத்தில் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஒரு தாளில் காய்கறிப் படைக்கும் பழப்படைக்கும் போர் நடக்கிறது. கத்தரிக்காய் மேலும் கேரட் மேலும் வீரர்கள் குதிரையேறி வருகிறார்கள். ஃபிரான்சிஸின் கைவண்ணம் என்று கருதப்படும் அந்தப் படத்தைப் பெற்றோர் எடுத்துவைத்திருக்கிறார்கள். அதன் மறுபக்கம் இருந்த அறிவியலும் அதனால் தப்பிற்று.

பத்துப் பிள்ளைகள் பிறந்து ஏழு பேர் வளர்ந்த வீடு அது. படிப்பறைக்குள் பிளாஸ்திரி, நூல், குண்டூசி, கத்தரிக்கோல், சுத்தியல் என்று எதையாவது தேடி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். விரட்டமாட்டார், இனி வராமல் இருக்க முடியுமா என்று பொறுமையாகக் கேட்பார். நாலு வயதுப் பையன் ஒருவன், வேலையை விட்டுவிட்டு விளையாட வா, ஆறு பென்ஸ் தருகிறேன் என்று அப்பாவுக்கு லஞ்சம் பேசியிருக்கிறான். சோபாவில் குதிக்கக்கூடாது என்பது வீட்டு விதி. குதித்துக்கொண்டிருந்த லெனர்டைப் பார்த்து இது விதிக்கு விரோதமாயிற்றே என்றார் அப்பா. அப்படியானால் நீங்கள் அறையை விட்டுப் போய்விடுவது நல்லது என்றான் பிள்ளை. தோட்டத்தில் வண்டுத்தேனீக்கள் எந்த வழியாகப் பறக்கின்றன என்று அறிய, ஐந்தாறு பிள்ளைகளைப் புதருக்கு ஒருவராக நிறுத்தி, தேனீ வந்தால் குரல் கொடுக்கச் சொன்னார். அறிவியலுக்கு அது ஆய்வு, அவர்களுக்கு விளையாட்டு.

கோபமே வராதவரா? மூத்த மகன் வில்லியம் சொன்னதைப் பாருங்கள். ஜமைக்காவில் 1865-இல் கறுப்பின மக்களின் கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது ஆளுநர் எட்வர்ட் அயரின் நிர்வாகம். அயர்மீது வழக்குத் தொடுக்க முயன்ற குழுவில் டார்வினும் இருந்தார். அந்தக் குழுவைப் பற்றி வில்லியம் ஏதோ விளையாட்டாகப் பேசிவிட, அப்படி நினைத்தால் உன் சௌதாம்ப்டனுக்கே போய்விடு என்று அப்பா சீறிவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மகனின் படுக்கையில் வந்து உட்கார்ந்தார். கோபப்பட்டதை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை என்று சொல்லி, இதமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். வளர்ந்த மகனிடம் மன்னிப்புக் கேட்க எழுந்து வரும் தகப்பன் நம் ஊரில் மட்டுமல்ல, விக்டோரியா கால இங்கிலாந்திலும் அரிது.

1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி இறந்ததை விரித்துச் சொல்லப்போவதில்லை. ஒரு வாரத்துக்குள் அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே மிகக் குறைவு.

மனைவியை இழந்த மகனும் முதுமை எய்திய அப்பாவும் சேர்ந்து செய்த வேலைதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. புல் நாற்று வெளிச்சத்தை நோக்கி ஏன் வளைகிறது? இருவரும் நாற்றின் நுனியை மட்டும் மூடிப் பார்த்தார்கள், வளையவில்லை. நுனியை விட்டுவிட்டு அடியை மூடினார்கள், வளைந்தது. ஆக, வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது கீழ்ப்பகுதி, நடுவே ஏதோ ஒன்று இறங்கிப் போகிறது. இந்தச் சோதனைகளைச் சொல்லி 1880-இல் வந்த நூலின் முகப்பில் மகன் பெயரும் உண்டு. அந்த 'ஏதோ ஒன்று' ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி என்பது 1920-களில் தெளிவாயிற்று. சோதனையில் சொன்னபடி கேட்காத நாற்றுகளை, வேண்டாததையே செய்யும் குட்டிப் போக்கிரிகள் என்ற பாவனையில் அப்பா திட்டுவாராம். அருகில் நின்று கேட்டவர் மட்டுமே எழுதக்கூடிய செய்தி இது.

கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது, 1881-இல் வந்தது. புழுவுக்குக் காது உண்டா என்று சோதிக்க, படிப்பறைத் தொட்டிகளுக்கு முன்னால் விசில் ஊதினார்கள், பஸூன் என்ற குழல் வாசித்தார்கள். ஃபிரான்சிஸ் பஸூன் வாசிப்பவர், எம்மா பியானோ. எந்த நாதத்துக்கும் புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோமீதே வைத்துச் சுரத்தை அழுத்தியதும் அதிர்வில் வளைக்குள் ஓடிவிட்டன. அந்த நூலில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு: நீலகிரி மலையிலிருந்து வந்த, புழு வெளித்தள்ளிய மண்குவியல் ஒன்றின் படம். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் ஜார்ஜ் கிங் அனுப்பியது. ஊரை விட்டு அதிகம் நகராதவரின் மேசைக்கு உலகமே தபாலில் வந்துகொண்டிருந்தது.

1882 ஏப்ரல் 19 அன்று 73 வயதில் டார்வின் இறந்தார். ஊர்க் கல்லறையிலேயே அடங்குவது என்பதுதான் குடும்பத்தின் எண்ணம். ஊர்த் தச்சர் எளிய பெட்டி ஒன்றும் செய்துவிட்டார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் 26-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் நடந்தது. பெட்டியும் பளபளப்பான வேறொன்றாக மாறியது. தச்சருக்கு அது வருத்தம். அறிவியல் நண்பர்களான ஹக்ஸ்லியும் வாலஸும் ஹூக்கரும் உடன் வந்த அந்தச் சடங்கில், வழுக்கைத் தலையில் குளிர்காற்று படுகிறதென்று கறுப்புக் கையுறைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் வில்லியம்.

பிறகு வந்தது சண்டை. அப்பா எழுதிவைத்த வாழ்க்கைக் கதையைத் தன் நூலில் அப்படியே சேர்க்க வேண்டும் என்றார் ஃபிரான்சிஸ். மதத்தைப் பற்றிய பகுதிகள் கூடாது என்றார் அக்கா ஹென்ரியேட்டா. வழக்குவரை பேச்சுப் போனதாகத் தம்பி லெனர்ட் பின்னால் சொன்னார். 1885-இல் எம்மாவும் மகனுக்கு எழுதினார்: கடவுள் நம்பிக்கையைக் குரங்கின் பாம்புப் பயத்தோடு ஒப்பிடும் ஒரு வாக்கியத்தை எடுத்துவிடு என்று. ஃபிரான்சிஸ் பணிந்தார். 1887-இல் வந்தது வெட்டிய பிரதி.

வெட்டுப்பட்ட ஏறத்தாழ 6,000 சொற்களைத் திருப்பிச் சேர்த்து 1958-இல் முழுநூலாக வெளியிட்டவர் பேத்தி நோரா பார்லோ. அதில் ஒரு பகுதியில் டார்வின் இப்படி வாதிடுகிறார்: கிறிஸ்தவ போதனை மெய்யானால், நம்பிக்கையற்றவர்களுக்கு முடிவில்லாத தண்டனை, அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவும் அண்ணனும் நண்பர்கள் பெரும்பாலோரும் அடக்கம், அப்படியொரு போதனை மெய்யாக இருக்க வேண்டும் என்று எவராவது எப்படி ஆசைப்படலாம்? மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சி அந்த இடத்தில் இல்லை. ஷ்ரூஸ்பரி மருத்துவரை யாரும் நரகத்துக்கு அனுப்பக்கூடாது என்று அவருடைய மகன் கேட்கிறார். கணவர் இறந்த ஆறாம் மாதம், இதை அச்சிட எனக்குச் சம்மதமில்லை என்று எம்மா அதன் ஓரத்தில் எழுதிவைத்திருந்தார். நோரா பார்லோ இரண்டையும் சேர்த்தே அச்சிட்டார்.