ஹெல்பர் கூலியும் ஐ.டி.ஐ. சான்றிதழும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் காலடியில் இருப்பது அலுமினியம். பற்றவைப்பவரை எளிதில் ஏமாற்றும் உலோகம் அது. எஃகு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே உருகிவிடும். அந்தப் படகுகளைக் கட்டியது பெருமானூரில் இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளம். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். அங்கேயும் விசைப்படகுகளின் இரும்பு உடலில் வெல்டிங் பொறி பறக்கிறது. தளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் வில்லிங்டன் தீவும் இரண்டு நீர்வழிகளும். கப்பல் தளக் கரையில் சான்றிதழ் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. மறு கரையில் அதை யாரும் கேட்பதே இல்லை. தொழிற்பயிற்சிச் சான்றிதழ் காசாக எவ்வளவு திருப்பித் தருகிறது என்று கணக்குப் பார்க்க இந்த இரு கரைகளும் தோதானவை.

சான்றிதழ் வழி இது: களமசேரி அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) போன்ற ஓரிடத்தில் வெல்டர் பிரிவு என்றால் ஓராண்டு, ஃபிட்டர் என்றால் இரண்டாண்டு. தேர்ச்சி பெற்றால் என்.டி.சி. எனப்படும் தேசியத் தொழிற்சான்றிதழ். அதன்பின் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஏதாவதொரு நிறுவனத்தில் அப்ரண்டிஸ். 2019 விதிகள் ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய்.

தோப்பும்படிப் பட்டறை வழியில் சேர்க்கைப் படிவம் கிடையாது. துரு சுரண்டுவது, கிரைண்டர் பிடிப்பது, வெல்டிங் ராடு எடுத்துக் கொடுப்பது என்று தொடங்கி, மேஸ்திரி டீ குடிக்கப் போகும் நேரத்தில் ஹோல்டரைக் கையில் வாங்கிப் பழகுவது. முதல் நாளிலிருந்தே ஹெல்பர் கூலி உண்டு.

அந்தக் கூலிதான் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23இல் கேரளத்தின் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852.50 ரூபாய், தமிழ்நாட்டில் 500.90. ஹெல்பர் கூலிக்கு இதையே அளவுகோலாக வைத்து, மாதம் 20 நாள் வேலை என்று கொள்வோம். கேரள ஹெல்பருக்கு மாதம் 17,050 ரூபாய்; இரண்டு ஆண்டில் 4,09,200. அதே இரண்டு ஆண்டில் வெல்டர் பிரிவில் ஓராண்டு படித்து, ஓராண்டு அப்ரண்டிஸாக இருந்தவர் கையில் 84,000. ஆகச் சான்றிதழின் உண்மையான விலை 3,25,200 ரூபாய். கல்விக் கட்டணம் இதில் சேரவில்லை.

தமிழ்நாட்டில் இதே சான்றிதழ் மலிவு. அங்கே ஹெல்பர் கூலியில் இழப்பது 1,56,432 ரூபாய். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். இரண்டையும் கழித்தால் ஏறக்குறைய 1,35,000. ஒரே பாடத்திட்டம், ஒரே அகில இந்தியத் தேர்வு. ஆனாலும் மலையைத் தாண்டிக் கேரளம் போனால் விலை இரண்டு மடங்குக்கு மேல். ஹெல்பருக்கு நல்ல கூலி கிடைக்கும் ஊரில் படிப்பு தானாகவே விலை ஏறிவிடுகிறது.

இனி வரவு. கப்பல் தளத்தின் ஒப்பந்த வெல்டர் வேலைக்கு என்.டி.சி.யோடு மூன்றாண்டுப் பயிற்சியோ அனுபவமோ வேண்டும்; அப்ரண்டிஸுக்குப் பிறகு மீதி இரண்டாண்டில் ஹெல்பர் கூலிக்குக் குறையாமல் கிடைக்கும் என்று கொள்வோம். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் மாதத் தொகை முதல் ஆண்டு 23,300 ரூபாய், மூன்றாம் ஆண்டு 24,800. ஒப்பந்தம் அதிகபட்சம் மூன்றாண்டு. ஹெல்பர் கூலியைவிட இது மூன்றாண்டில் சுமார் இரண்டரை லட்சம் கூடுதல். மூன்றேகால் லட்சம் முதலுக்கு இது போதாது. கூடுதல் நேர வேலைக்குக் கிடைக்கும் மாதம் சுமார் ஆறாயிரத்தையும் சேர்த்தால்தான் முதல் திரும்பி லாபம் தெரியும். நிரந்தர வேலை கிடைத்தால் கணக்கே வேறு. அந்த நாற்காலிகள் குறைவு.

தென்காசியிலிருந்து வரும் பையனுக்கோ, ஊர்க் கூலியோடு ஒப்பிட்டால் கப்பல் தள வேலையில் சேர்ந்து சுமார் பத்தே மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஆனால் அவனும் ரயிலேறிக் கொச்சியில் ஹெல்பராகவே இறங்கலாம். பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். அந்த நிமிடமே அவன் கணக்கும் கேரளக் கணக்கு ஆகிவிடுகிறது, அறை வாடகையோடு.

பட்டறைக் கரையிலும் வருமானம் சீராக ஓடுவதில்லை. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகு இழுவலைக்குத் தடை. படகெல்லாம் கரையேறும் அந்தக் காலம்தான் வெல்டருக்கு அறுவடை. ஆகஸ்டில் படகுகள் கடலுக்குப் போனதும் வேலை மெலியும். பி.எஃப். பேச்சு இங்கே எழுவதில்லை.

கைத்திறன் விஷயத்தில் இரு கரையும் சமம். கப்பல் தளத்தில் ஐ.டி.ஐ. முடித்தவரும் சோதனைத் தகட்டைப் பற்றவைத்துக் காட்ட வேண்டும். அதை வளைத்தும் எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள். அந்தத் தகுதியும் நிலையானதல்ல. ஆறு மாதம் அந்த வகைப் பற்றவைப்பில் கை வைக்காவிட்டால் பெரும்பாலான விதிநூல்களின்படி காலாவதி. தோப்பும்படியின் நல்ல கையும் இந்தச் சோதனையில் தேறும். ஆனால் சோதனை நடக்கும் இடம் வாசலுக்கு உள்ளே. வாசலில் கேட்பது என்.டி.சி. மூன்றேகால் லட்சம் கொடுத்து ஒருவர் வாங்குவது அந்த நுழைவைத்தான்.

குறைந்த விலையில் நுழைய இன்னொரு வழி உண்டு. மூன்றாண்டு தொழில் அனுபவம் உள்ளவர் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி அதே என்.டி.சி.யைப் பெறலாம். கூலியை இழக்காமல் சான்றிதழ்! கொச்சி போன்ற ஊரில் கணக்குக்கு ஒத்துவரும் வழி இதுதான். அதற்குத் தேவை பட்டறை உரிமையாளரின் அனுபவக் கடிதம். பட்டறையிலோ கூலி கைமாறும், ஒரு துண்டுக் காகிதம் கைமாறாது. ஹோல்டர் பிடிக்கப் பழகும் பையன் அடுத்த கூலி உயர்வுக்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டியது அந்தக் காகிதத்தை.