மதிலுக்கு உள்ளே நின்ற வீதி மரங்கள்

மத்தியானம் வெள்ளவத்தைக் காலி வீதியால நடந்த ஆக்களுக்குத் தெரியும், அங்க நிழல் எண்டு கிடைக்கிறது கடைப் பலகையின்ர நிழல்தான். கடற்கரைப் பக்கம் இறங்குற ஒழுங்கைகளில் மட்டும் அங்கொன்று இங்கொன்றாக ஒரு மா, ஒரு ஈரப்பலா மதிலுக்கு மேலால எட்டிப் பார்க்கும். அந்த நிழலைத் தந்தது மாநகர சபை இல்லை, வீட்டுக்காரர்.

1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. அடுத்த வருடமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். காணி முழுக்க வீட்டை நிரப்பாதே, காற்றுக்கு இடம் விடு, வீதிக் கோட்டைத் தாண்டாதே என்ற விதிகள் அதோடு வந்தவை. நோய்ப் பயத்தில் செய்த வேலை. மரத்தை யாரும் நினைக்கவில்லை. விட்ட இடத்தில் சனம் மரம் வைத்தது. 1921இல் பட்ரிக் கெடிஸ் வந்து கொழும்பைத் தோட்ட நகரமாகப் பார்த்து அறிக்கை எழுதினார். கறுவாத்தோட்டத்துக்கு அது வடிவாப் பொருந்தின பெயர். கொட்டாஞ்சேனையிலோ பல வீடுகளின் கதவு நேரே வீதியில் திறக்கும். முற்றமே இல்லாத ஆள் எங்க நடுறது?

வெள்ளவத்தையின் வளவுகள் போனது யுத்த காலத்தில். வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இருக்க இடம் வேண்டியிருந்தது. பழைய வீடுகள் இடிபட்டு பிளாட் எழும்பியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செல்லடிக்குத் தப்பி வந்தவரிடம் போய் மாமரத்தைப் பற்றிக் கதைக்க ஏலுமா? ஆனாலும் முன் முற்றம் கார் நிறுத்துற இடமாகிப் போச்சு.

அரசு தனியார் மரத்தில் கை வைக்காமல் இல்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்ட அனுமதி வேண்டும். வெட்டும்போது வருகிற அரசு, நடும்போது வருவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்தால், வீதியிலிருந்து 20 அடிக்குள் அவர் காணியிலேயே நகரசபை தன் காசில் நிழல் மரம் நடலாம். நடைபாதைக் கொங்கிறீற்றுக்குள் நெரிபடாமல் வேருக்கு மண் கிடைக்கும்.

இங்கே அதைக் கேட்டால் முதலில் வருகிற கேள்வி, விழுந்தால் யார் பொறுப்பு என்பதுதான். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் மரம் பஸ்ஸின் மேல் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே கிளை வெட்டுறது யார், நட்டஈடு யார் எண்டதும் அந்தச் சம்மதக் கடிதத்திலேயே இருக்கவேண்டும். பிளாட் என்றால் கையெழுத்து ஒருவருடையது மட்டும் இல்லை. மாடி மாடியாகக் கேட்கவேணும், அதிலும் அரைவாசிப் பேர் கனடாவிலும் லண்டனிலும்.