தெற்கிலிருந்து வந்த தாளம்

சென்ற கிழமை கனடாவின் கிழக்குக் கரையில் நின்றோம். 1755-இல் பிரித்தானியர் ஊரோடு பெயர்த்தெறிந்த பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் அக்காடியர். அவர்களிடையே பிறந்த லீசா லெப்லான், பாஞ்சோவில் நாட்டுப்பாடலையும் ரொக்கையும் கலந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் பின்னிய தன் ஊர்ப் பேச்சிலேயே பாடிப் பேரெடுத்ததைப் பார்த்தோம். "எங்கட பக்கத்தில அப்பிடி ஆர் இருக்கினம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேரத் தொண்டைமானாற்றிலிருந்தே நடக்கத் தொடங்கலாம்.

தொண்டைமானாற்றங்கரையில் செல்வச் சந்நிதி முருகன் கோயில். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வது இங்கே வழக்கம், கதிர்காமத்திலும் அப்படித்தான். இரண்டு முருகனுக்கும் இடையே ஒரு நடைபாதை உண்டு. சந்நிதியில் புறப்படும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரை என்று இறங்கி, உகந்தையில் ஆறி, யால காட்டைக் கடந்து கதிர்காமம் சேரும். ஏறக்குறைய இரண்டு மாத நடை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து தொடங்க முடியாமற் போய், பின்னர் மீண்டது. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை முளைத்த ஊர்கள் பலவும் இதே வழியிலோ, அதற்கு அண்டையிலோதான் கிடக்கின்றன.

திருகோணமலையில் எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் சகோதரர்கள். இலங்கையில் இசைத்தட்டாக வந்த முதல் தமிழ்ப் பொப் பாடல்களில் ஒன்று பரமேஷின் 'உனக்குத் தெரியுமா'. அங்கிருந்து தெற்கே நடந்தால் மட்டக்களப்பு. கலியாண வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் கஃபிரிஞ்ஞா ஆடும் போர்த்துக்கேயப் பறங்கியரின் ஊர்.

இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். போர்த்துக்கேயரும், அவர்கள் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரும் இத்தீவில் விட்டுப்போன சொத்து அது. அதிலிருந்துதான் பைலா கிளைத்தது. பொலிஸ்காரராயிருந்த வொலி பஸ்தியன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்குச் சிங்களச் சொல் கொடுத்துப் போட்டிப் பாட்டாக்கி, நாடு முழுக்கப் பரப்பினார். மேற்கத்திய இசைக்காரர் அதை ஆறெட்டுத் தாளம் என்பார்கள். நம் காதுக்கு அது திஸ்ர நடை. காவடிச் சிந்தும் அந்த நடையில்தானே குதிக்கிறது! லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்த தாளம் யாழ்ப்பாணத்தானின் காலை அத்தனை சுலபமாக ஆட்டிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி அம்பாறை. அங்கேயுள்ள ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த உரும்பிராய்ப் பொடியன் ஒருவன், 1960-களின் பிற்பாதியில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடினான். நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' அவருடையது. மச்சாளைத் தேடி வரும் மருமகனும் மாமியும் பேசிக்கொள்ளும் வேடிக்கை அது. சினிமாப் பாட்டின் செந்தமிழ்க் காதலில் ஊறிக் கிடந்த நமக்கு, வீட்டு முற்றத்துப் பேச்சும் மச்சாள் முறையும் பாட்டாகலாம் என்று காட்டியது அந்தப் பொடியன்தான். அடியில் ஓடியது பைலா. மேலே மிதந்தது யாழ்ப்பாணத்துக் குறும்பு. கர்நாடக சங்கீதம் ஒன்றே சங்கீதம் என்றிருந்த வீடுகளில் பெரியவர்கள் முகஞ்சுளித்தார்கள். பிள்ளைகள் கேட்கவில்லை.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னும் சுவையான கதை. குடிக்கப் போகாதே என்று கெஞ்சுகிற பாட்டு. அதை உரத்துப் பாடியவர்களில் பாதிப்பேர் கள்ளுக்கொட்டிலில் இருந்து எழும்பி வந்தவர்களாகத்தான் இருக்கும்.

காலமும் தோதாக அமைந்தது. 1967-இல் வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தமிழகத்துச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கடிவாளமிட, உள்ளூர்ச் சரக்குக்கு ஒரு மரியாதை பிறந்தது. மேடைகளில் பொப் நிகழ்ச்சிகள் பெருகின.

அந்த மேடைகளின் மன்னர் ஏ.ஈ. மனோகரன். நித்தி எழுத்துக்காரர் என்றால் இவர் முழுக்க முழுக்க மேடைக்காரர். சிங்களமும் தமிழும் ஒரே வரிக்குள் உரசிக்கொள்ளும் 'சுராங்கனி'யை அவர் பாடியபோது இரண்டு மொழிக்காரரும் சேர்ந்தே ஆடினார்கள். 1978-இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமானபோது அதிலும் நடித்தார். பிறகு கடல் கடந்து, தமிழகப் படங்களில் வில்லனாகவும் வந்தார். அவருக்கு முன்பே 'சுராங்கனி' அங்கே போய்விட்டது: 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில். சென்னைக் கல்லூரிச் சுற்றுலா பஸ்களில் மேசைத் தாளம் போட்டு அதைப் பாடிய பல பிள்ளைகளுக்கு, அது இலங்கைச் சரக்கென்றே தெரியாது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

நித்தி அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணுக்குக் குடிபெயர்ந்து விரிவுரையாளரானார். எழுதி மெட்டமைத்தவருக்குக் கிடைத்ததைவிடப் பாடித் திரிந்தவருக்கே பேர் கூடுதல் என்பது இந்த இருவர் கதையிலும் தெரிகிறது. 'சின்ன மாமியே'யை மனோகரன் பாட்டென்று அடித்துச் சொல்லும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். கலியாண வீட்டில் அந்த வழக்கைத் தீர்த்துவைக்க இந்தத் தொடரை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)